சோபாக்காரரும் மொட்டைவால் அணிலும்

பெரியப்பா யோசிக்கிறார் என்றால் வாயில் ஆணி இருக்கிறது என்று அர்த்தம். பத்துப் பதினைந்து பொடி ஆணிகளை உதட்டுக்குள் அடக்கிக்கொள்வார். ஒவ்வொன்றாக நாக்கு நுனியால் வெளியே தள்ளி, காந்தம் வைத்த சுத்தியின் முனையில் ஒட்டவைத்து, மரச்சட்டத்தில் தட்டுவார். ஒரே தட்டுதான். ஆணி உள்ளே போய்விடும். ஸ்டேப்ளர் பின் அடிக்கிற துப்பாக்கியும் கடையில் இருக்கிறது. அவசர வேலைக்குத் துப்பாக்கி, பிடித்த வேலைக்கு ஆணி. அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறார்.

“அந்த வாயில ஆணி இருக்கற நேரம்தான் எனக்கு நிம்மதி,” என்பார் பெரியம்மா. அதே கடையின் ஓரத்தில் மெஷின் போட்டு மெத்தை உறை தைப்பவர் அவர். “கல்யாணம் ஆகி முப்பத்தொரு வருஷம். இவர் வாயை மூடியிருந்த நேரம் அத்தனையும் அந்தச் சுத்தி புண்ணியத்துல.”

பழைய சோபாக்களையும் நாற்காலிகளையும் பிரித்துப் புதிதாகத் தைத்துக் கொடுப்பது பெரியப்பாவின் தொழில். தெருவில் அவருக்குச் சோபாக்காரர் என்றே பெயர். கடை பத்தடி அகலம், இருபதடி நீளம். மேலே துணிச் சுருள்கள், மூலையில் மூட்டை மூட்டையாகப் பஞ்சு, நடுவில் எப்போது போனாலும் நான்கு காலையும் தூக்கிக்கொண்டு கவிழ்ந்து கிடக்கும் ஏதாவது ஒரு நாற்காலி. பின்னால் ஒரு சின்ன அறை. நான் அவருடைய தம்பி மகள். இந்த வருடம் பள்ளிப் படிப்பு முடிந்தது. அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று எல்லோரும் கேட்பதால், கேட்காத இடமாகப் பார்த்து அந்தக் கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அதனால் நான் சொல்லப்போவது முழுவதும் என் கண் முன்னால் நடந்தது.

பெரியப்பாவின் அகராதியில் ஒரே ஒரு கெட்ட வார்த்தைதான் உண்டு. “ஆடுது.” எங்கே போனாலும், உட்காருவதற்கு முன் இருக்கையை உள்ளங்கையால் அழுத்தி, முதுகுப் பக்கத்தைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்குவார். ஒருமுறை பல் டாக்டரிடம் போயிருந்தார். பெரிய நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு சாய்ந்தவர், டாக்டர் இடுக்கியை எடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். பயந்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். “சேர் ஆடுது டாக்டர்,” என்றார். ஸ்பேனர் கேட்டு வாங்கி, அடியில் படுத்து முடுக்கிவிட்டு, அதற்குப் பிறகுதான் பல்லைக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவர் அணில் வளர்க்க ஆரம்பித்ததும் ஒரு சோபாவால்தான். ஐந்து வருடத்துக்கு முன், யாருடைய வீட்டுப் பின்புறத்திலோ வெகுநாள் கிடந்த சோபா ஒன்று வேலைக்கு வந்தது. அடித்துணியைக் கிழித்தால், ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஒரு கூடு. அதில் கண் திறக்காத நான்கு குட்டிகள். சோபாவைத் திரும்பத் தூக்கிப்போய் இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தாய் வருமா என்று பகல் முழுக்கக் காத்திருந்தார். வரவில்லை. விலங்கு மீட்பு நிலையத்துக்குக் கொண்டுபோனார். அங்கே குட்டிகள் அதிகம், ஆட்கள் குறைவு. ஊசியில்லாத சிரிஞ்சில் பால் புகட்டவும், ஈரப்பஞ்சால் அடிவயிற்றைத் தடவி மூத்திரம் போகவைக்கவும் கற்றுக்கொடுத்து, அந்த நான்கையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று முதல் அவர் நிலையத்தின் வளர்ப்பாளர்களில் ஒருவர். இந்த வருடத்துக்கு முன்பு வரை முப்பத்தெட்டு அணில்கள் அந்தப் பின்னறையிலிருந்து மரத்துக்குப் போயிருந்தன.

பின்னறைச் சுவரில் நிலையம் கொடுத்த தாள் ஒன்று ஒட்டியிருக்கும். மல்லாக்கப் படுக்கவைத்துப் பால் கொடுக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, தோல் மட்டும் உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும். இந்த வரியைப் படித்துவிட்டுப் பெரியப்பா, “சரிதானே? உறையைப் பிடிச்சு மெத்தையைத் தூக்கினா உறைதான் வரும்,” என்றார். அதற்கு அடுத்த வரி: படுக்கைக்கு நூல் பிரியாத, வழவழப்பான துணி மட்டும். பஞ்சு, துண்டு, நூல் கழிவு எதுவும் வைக்கக் கூடாது.

ஐந்து வருடம் அந்த வரிக்குக் கட்டுப்பட்டவர், ஆறாவது வருடம் மீறினார்.

இந்த வருடம் வந்தவை மூன்று குட்டிகள். ஒரே கூட்டிலிருந்து விழுந்தவை. அவை வந்த வாரத்தில்தான் கடைக்குப் புதுவகைப் பஞ்சு ஒரு மூட்டை வந்திருந்தது. செயற்கை இழை, பட்டு மாதிரி. பெரியப்பா அதில் முழங்கை வரை கையை விட்டு எடுத்து, “இந்தா, நீயும் விட்டுப் பாரு,” என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டார். பிறகு ஒரு சின்ன மெத்தை தைத்தார். உள்ளங்கை அகலம், ஓரத்தில் குழாய்த் தையல், நடுவில் நான்கு பொத்தான் குழி. குட்டிகளின் பெட்டிக்குள் வைத்தார்.

“தாள்ல பஞ்சு வேணாம்னு போட்டிருக்கே?” என்றார் பெரியம்மா.

“அது கண்ட பஞ்சுக்கு. ஊர்ல பாதிப் பேரு நான் அடைச்ச பஞ்சு மேலதான் உக்காந்திருக்கான். எது மெத்துன்னு எனக்குப் போய் தாள்ல எழுதி ஒட்டறாங்க!”

பதினோரு நாள் எதுவும் ஆகவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் பால் கொடுக்கும்போது பெரியம்மாதான் பார்த்தார்.

“ஏங்க, இதோட வாலு ஏன் இப்படி இருக்கு? பாதிக்கு மேல வீங்கின மாதிரி?”

நடுக்குட்டி அந்த மெத்தையின் ஓரத் தையலைக் கொறித்துத் துளை போட்டு, உள்ளே புகுந்து தூங்கியிருக்கிறது. பஞ்சின் இழை ஒன்று வாலைச் சுற்றியிருக்கிறது. குட்டி புரளப் புரள இழை இறுகியிருக்கிறது. வாலின் முடிக்குள் அந்த மெல்லிய இழை கண்ணுக்கே தெரியவில்லை. பெரியப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தையல் பிரிக்கிற சின்னக் கத்தியை எடுத்தார். வாழ்நாள் முழுக்க நூல் பிரித்த கை அது. தோலில் ஒரு கீறல்கூட விழாமல் இழையை அறுத்து எடுத்துவிட்டார். ஆனால் இழை இருந்த இடத்துக்கு அந்தப் பக்கம் வால் கறுத்து, தொட்டால் குளிர்ந்திருந்தது. குட்டி அந்தப் பகுதியைத் தன்னுடையது இல்லை என்பதுபோல் இழுத்துக்கொண்டு நடந்தது.

நிலையத்தில் டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். சுற்றி வளைத்துப் பேசமாட்டார்.

“ரத்த ஓட்டம் நின்னு ரெண்டு நாளாவது ஆகியிருக்கும். வெட்டித்தான் எடுக்கணும். என்ன படுக்கை போட்டீங்க?”

துணிதான் என்று பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“பஞ்சு மெத்தை டாக்டரம்மா. நானே தைச்சேன். நீங்க கூடாதுன்னு சொன்னதுதான்.”

டாக்டரம்மா திட்டவில்லை. குட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பெரியப்பா காத்திருக்கும் கூடத்தின் பெஞ்சில் உட்காரப் போனார், வழக்கம்போல் உலுக்கினார், அது ஆடியது. நிலையத்து ஆளிடம் ஒரு சுத்தி கேட்டு வாங்கி, சட்டைப் பையிலிருந்து ஆணிகளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டார். சிகிச்சை முடிந்து டாக்டரம்மா வெளியே வரும்போது அந்தக் கூடத்தில் இருந்த மூன்று பெஞ்சும் ஆடவில்லை.

“ஒரு விரல்கணு அளவு விட்டிருக்கேன். பொழச்சுக்கும்,” என்றார் டாக்டரம்மா. “ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. அணிலுக்கு வாலுதான் பேலன்ஸு. தாவும்போது திருப்பறது, இறங்கும்போது நிறுத்தறது எல்லாம் அதுதான். குளிருக்குப் போர்வையும் அதுதான். வாலில்லாமலும் காட்டுல சமாளிக்கற அணில் உண்டு. சமாளிக்காததும் உண்டு. இது எந்த ரகம்னு நான் பாத்துட்டுத்தான் வெளிய விடுவேன்.”

“எப்படிப் பாப்பீங்க?”

“இங்க பெரிய கூண்டுல அஞ்சு நாள், கூடப் பொறந்ததுங்களோட. கேமரா இருக்கு. ஒரு தடவை தரையில விழலாம். ரெண்டாவது தடவை விழுந்தா வெளிய விட மாட்டேன்.”

“விடலைன்னா?”

டாக்டரம்மா ஜன்னலைக் காட்டினார். வெளியே, வருகிறவர்கள் பார்ப்பதற்காக வைத்திருக்கும் கூண்டு. அதில் கண் தெரியாத ஒரு கிழ அணில், மூலையிலிருந்து மூலைக்கு, ஒரே வழியில், போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. அது நடந்த இடத்தில் மரப்பலகை வழவழவென்று தேய்ந்திருந்தது.

“எத்தனை வருஷமா?” என்றார் பெரியப்பா.

“அஞ்சு.”

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பா அந்தப் பட்டுப் பஞ்சு மூட்டையின் வாயைக் கட்டி, பரண்மேல் ஏற்றினார். “அந்தக் குட்டியை மரத்துல விடாம நான் விடமாட்டேன்,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பெரியம்மா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தக் குட்டிக்கு மொட்டை என்று பெயர் வந்தது. வைத்தது பக்கத்துக் கடைச் சாவிக்காரர். பூட்டுக்குச் சாவி போடுகிறவர். பகலில் பாதி நேரம் எங்கள் கடை வாசலில்தான் நிற்பார்.

“என்ன அண்ணே, வாலு போனா அது அணில் இல்லையே, எலியாச்சே! எலிக்கா இவ்வளவு உபசாரம்?”

“யோவ் சாவி, உன் தலையில முடி போச்சே, உன்னை மனுஷன்னுதானே சொல்றோம்?”

“சரிதான், எனக்கு இது வேணும்,” என்று சாவிக்காரர் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். “அப்போ எங்க ஜாதின்னு சொல்லுங்க. மொட்டைக் கண்ணு, நல்லா இருக்கியா?”

புண் ஆற இரண்டு வாரம் ஆயிற்று. அதற்குள் பெரியப்பா பின்னறையில் கூரை வரைக்கும் ஒரு கூண்டு கட்டினார். உள்ளே கிளைகள். கிளை என்றால் அவர் பாணிக் கிளை. ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஆணியடித்து, மூட்டுப் பசை வைத்து, நடுவில் முட்டுக் கொடுத்து, பிடித்துத் தொங்கிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார். “நான் தொங்கினாலும் ஆடல பாத்தியா?” என்றார் என்னிடம். உண்மைதான். அந்தக் கூண்டில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம்.

மொட்டை முதல் நாள் தாவியபோது, காற்றில் தலை முன்னால் குப்புறக் கவிழ்ந்து, கிளையைத் தாண்டிப் போய்க் கீழே விரித்திருந்த ஃபோம் பலகையில் விழுந்தது. மற்ற இரண்டும் மேலே இருந்து எட்டிப் பார்த்தன. மொட்டை எழுந்து, கோபமாக ஒரு சத்தம் போட்டுவிட்டு, மறுபடியும் ஏறியது. இதுதான் அதனிடம் எனக்குப் பிடித்தது. விழுந்ததற்காக அது வெட்கப்படவே இல்லை. ஒரு வாரத்தில் குறி தப்பாமல் தாவியது. இரண்டாவது வாரம் ஒரு தடவைகூட விழவில்லை. பெரியப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு மூன்றையும் நிலையத்துக்குக் கொண்டுபோனார்.

மறுநாள் பகலிலேயே டாக்டரம்மாவின் அழைப்பு வந்தது. “வாங்க. வந்து நேர்ல பாருங்க.”

பெரிய கூண்டு திறந்தவெளியில் இருந்தது. உள்ளே கிளைகளைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். சில உயிருள்ள மரத்தின் கிளைகளே, கம்பிவலை வழியாக உள்ளே நீண்டிருந்தன. காற்று அடித்தது. கூடப்பிறந்த இரண்டும் வாலை வீசி வீசி, ஆடுகிற கிளைகளில் ஓடிக்கொண்டிருந்தன. மொட்டை ஒரு மெல்லிய கிளைக்குத் தாவியது. சரியாகத்தான் இறங்கியது. ஆனால் கிளை அதன் எடைக்கு வளைந்து கீழே போனதும், அப்படி ஒன்று உலகத்தில் உண்டு என்றே தெரியாததுபோல் நான்கு காலையும் விறைத்துக்கொண்டது. கிளை திரும்ப மேலே எழும்போது மொட்டை கீழே கிடந்தது. காலையிலிருந்து அது நான்காவது முறையாம்.

பெரியப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“உங்க கூண்டுல எப்படிக் கிளை வச்சிருந்தீங்க?” என்றார் டாக்டரம்மா.

“ஆடாம வச்சேன். ஆணியடிச்சு.”

“மரத்துல எந்தக் கிளைங்க ஆணியடிச்ச மாதிரி நிக்குது?”

அவர் தலை குனிந்தார். டாக்டரம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. “குளிர் தொடங்க ஒரு மாசம் இருக்கு. மத்த ரெண்டையும் அதுவரைக்கும் நிறுத்தி வைக்கறேன். மூணும் சேந்து போனாத்தான் ஒட்டிப் படுத்து இது குளிரைத் தாங்கும். மூணு வாரத்துல கொண்டுவாங்க. இன்னொரு தடவை பாப்போம். அதுக்கு மேல என்னால முடியாது.”

அன்று சாயங்காலம் பெரியப்பா வாயில் ஆணி இல்லை. ஆனாலும் பேசவில்லை. பெரியம்மாவுக்கு அது புதுசு. “ஏங்க, ஏதாவது சொல்லுங்க. என்னையாவது திட்டுங்க,” என்றார்.

“ரெண்டு தடவையும் நான்தாண்டி. பஞ்சும் நான்தான், ஆணியும் நான்தான். எனக்குத் தெரிஞ்ச வேலைதான் அதைக் கெடுத்துது.”

“அப்போ தெரிஞ்ச வேலையை மாத்திச் செய்யுங்க. அதுக்காக இப்பப் போய் வேற தொழிலா கத்துக்க முடியும்?”

மறுநாள் காலை ஒரு பழைய மூன்றிருக்கை சோபா வேலைக்கு வந்தது. இருக்கைக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டும் எலாஸ்டிக் பட்டைகள் எல்லாம் தொய்ந்து போயிருந்தன. பெரியப்பா அதில் உட்கார்ந்தார். இடுப்பு வரைக்கும் உள்ளே போனார். “சே, என்னமா ஆடுது,” என்று எழுந்தார். எழுந்தவர் அப்படியே நின்றார். திரும்ப உட்கார்ந்தார். எழுந்தார். உட்கார்ந்தார். உள்ளங்கையால் பட்டையை அழுத்தி, விட்டு, அது மேலே வந்து அடங்கும்வரை பார்த்தார். வாசலில் நின்ற சாவிக்காரர் என்னைப் பார்த்து, காதோரம் விரலைச் சுழற்றிக் காட்டினார்.

பெரியப்பா ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டார். எனக்கு அப்போதே தெம்பு வந்துவிட்டது.

அன்று பகல் முழுவதும் கூண்டுக்குள்ளிருந்து ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. தான் அடித்த ஆணிகளைத் தானே குறட்டால் பிடுங்கினார். முட்டுக்களை உடைத்தார். பிறகு அந்தத் தொய்ந்த பட்டைகளைக் கூண்டின் குறுக்கே கட்டினார். கிளைகளை ஆணியில்லாமல், சோபா ஸ்பிரிங்குகளின் முனையில் பொருத்திப் பட்டைகளில் தொங்கவிட்டார். தொட்டால் ஒவ்வொரு கிளையும் ஒவ்வொரு விதமாக ஆடியது. ஒன்று மெதுவாகத் தாழ்ந்து எழுந்தது. ஒன்று வெடுக்கென்று துள்ளியது. கிளைகளுக்கு அடியில் ஃபோம் பலகையை இரண்டு மடங்காகப் போட்டார்.

“முப்பத்தொரு வருஷத்துல,” என்றார் பெரியம்மா, “இந்த மனுஷன் ஒண்ணை லூசாக்கி இன்னைக்குத்தான் பாக்கறேன்.”

மொட்டை முதல் நாள் இருபத்துமூன்று தடவை விழுந்தது. பெரியம்மா சுவரில் சாக்பீஸால் கோடு போட்டார். இரண்டாம் நாள் இருபத்தாறு. மூன்றாம் நாள் பெரியப்பா நடுவில் எழுந்து வெளியே போய்விட்டார். பார்க்கச் சகிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று மாலை மொட்டை ஒரு புது வேலை செய்தது. தாவி இறங்கியதும் விறைக்காமல், வயிற்றைக் கிளையோடு ஒட்டிப் படுத்து, பின்னங்கால்களை அகலமாக வைத்துக்கொண்டது. கிளை கீழே போயிற்று. மொட்டையும் போயிற்று. கிளை மேலே வந்தது. மொட்டையும் வந்தது. அந்த விரல்கணு அளவு வால் மட்டும் துடிதுடியென்று துடித்தது.

“பெரியப்பா!” என்று கத்தினேன். அவர் ஓடிவருவதற்குள் அது அடுத்த கிளைக்குத் தாவி, வழுக்கி, ஃபோமில் விழுந்திருந்தது.

“என்ன, விழுந்துதான் கெடக்குது?”

“இல்ல, அதுக்கு முன்னாடி...”

“விழுந்ததைக் காட்டவா கூப்பிட்ட?” என்றார். ஆனால் அன்று முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது முறை அது கிளையோடு ஆடியபோது அவரும் பார்த்தார். முழங்கையால் என்னை இடித்தார்.

அதன்பின் தினமும் ஒரு பட்டையை ஒரு விரல் அளவு தளர்த்தினார். கடையில் பட்டை இழுக்கிற இடுக்கியால் வாழ்க்கை முழுக்க இறுக்கிய கை, இப்போது ‘இது போதுமா, இன்னும் கொஞ்சம் விடலாமா’ என்று யோசித்து யோசித்துத் தளர்த்தியது. பத்தாம் நாள் சுவரில் நான்கு கோடுதான் விழுந்தது.

அன்று சாவிக்காரர் தன் கடையின் மின்விசிறியைத் தூக்கிக்கொண்டு வந்தார். “காத்தில்லாம மரம் ஏது அண்ணே? நாலு பட்டனும் வேலை செய்யும். ரெண்டுல வைங்க, அப்புறமா மூணு.”

“உனக்கு வேர்க்காதா?”

“நான் மொட்டை. எங்களுக்கு வேர்வை நிக்காது, வழிஞ்சு ஓடிரும்.”

விசிறியில் கிளைகள் பேயாட்டம் ஆடின. மொட்டை தாவுவதற்கு முன் நின்று, கிளை மேலே வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்துப் பழகியது. வாலுள்ள அணில் காற்றில் திரும்பிச் சரிசெய்துகொள்ளும். மொட்டைக்கு அந்த வசதி இல்லை. எனவே தாவும் முன்பே எல்லாவற்றையும் சரியாக வைத்துக்கொண்டது. பதினேழாம் நாள், விசிறி நான்கில் சுற்றியது. பெரியம்மா சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பகல் முழுக்க நின்றார். சுவரில் கோடே விழவில்லை. சாயங்காலம் அந்தச் சாக்பீஸால் சாவிக்காரரின் தலையில் ஒரு பொட்டு வைத்துவிட்டார்.

இரண்டாவது சோதனைக்குக் கொண்டுபோய் விட்டோம். ஐந்து நாள். முதல் நாள் விழவில்லை. இரண்டாம் நாள், கூடப்பிறந்தது ஒன்று விளையாட்டாக மோதியதில் மொட்டை தரையில் விழுந்தது. அனுமதித்த ஒன்று அதோடு தீர்ந்தது. இனி ஒன்று விழுந்தால் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் அந்தக் கூண்டுதான். பெரியப்பா மூன்றாம் நாள் ஒரு நாற்காலிக்குத் துணியைத் தலைகீழாக வைத்துத் தைத்தார். நான்காம் நாள் அதைப் பிரித்தார். ஐந்தாம் நாள் காற்று அப்படி அடித்தது, தெருவில் கடைப் பலகைகள் படபடத்தன. அவர் எழுந்து வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார். போன் வரவில்லை. மதியமும் வரவில்லை.

மாலையில் கடை வாசலில் ஒரு வண்டி நின்றது. டாக்டரம்மாவே வந்திருந்தார்.

பெரியப்பா எழுந்து நின்றார். வாயில் ஆணிகள். பேச முடியவில்லை. எடுக்கவும் தோன்றவில்லை.

“எங்க அந்தக் கூண்டு?” என்றார் டாக்டரம்மா. “அஞ்சு நாள் கேமராவையும் ஓட்டிப் பாத்தேன். காலையில அடிச்ச காத்துல வாலு இருக்கற ரெண்டும் ஒரு மூலையில ஒடுங்கிக் கெடக்குது. இது மட்டும் கிளையில ஊஞ்சல் ஆடிக்கிட்டு இருக்கு. என்ன செஞ்சீங்கன்னு நான் பாக்கணும்.”

பின்னறையில் டாக்டரம்மா ஒவ்வொரு கிளையாகத் தட்டிப் பார்த்தார். பட்டையை இழுத்துப் பார்த்தார். ஸ்பிரிங்கை அழுத்திப் பார்த்தார், பெரியப்பா நாற்காலியை அழுத்துவது போலவே. பிறகு திரும்பினார். “எங்க பெரிய கூண்டுக்கும் இப்படிச் செஞ்சு தரணும். இனிமே வாலு அடிபட்டு வர்றது எல்லாம் முதல்ல இங்கதான் வரும்.”

பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “படுக்கை மட்டும் நான் போடறேன் டாக்டர். துணிதான்,” என்றார். பெரியப்பா உட்பட எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் சிரித்ததில் இரண்டு ஆணி கீழே விழுந்தது.

மறுநாள் காலை, நிலையத்துக்குப் பின்னால் இருந்த தோப்பில் ஒரு மரத்தின் இடுப்பில் பெட்டியைக் கட்டினார்கள். சாவிக்காரரும் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். “திறக்கிற வேலைன்னா என்னைத்தான் கூப்பிடணும்,” என்று தாழ்ப்பாளைத் தானே நீக்கினார். கூடப்பிறந்த இரண்டும் கதவு திறந்த நொடியில் ஓடி மறைந்தன. மொட்டை பெட்டியின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்தே இருந்தது.

பெரியப்பா ஆணிகளை வாயில் போட்டுக்கொண்டார். சத்தம் போட்டுவிடக் கூடாது என்பதற்காக. காற்று வந்தது. எதிரே இருந்த மெல்லிய கிளை தாழ்ந்தது, எழுந்தது, தாழ்ந்தது. மொட்டை தலையை மட்டும் அதோடு மேலும் கீழும் அசைத்தது. கிளை மேலே வரும்போது தாவியது.

கிளை வளைந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து குனிந்தோம். அது கீழே, கீழே, இன்னும் கீழே போய், நின்று, மேலே எழுந்தது. அதன் நுனியில் வயிற்றை ஒட்டிப் படுத்தபடி மொட்டை இருந்தது. எழுந்த வேகத்திலேயே அடுத்த கிளைக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு, மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. உச்சிக் கிளைதான் எல்லாவற்றையும்விட அதிகமாக ஆடியது. அங்கே நின்றுகொண்டு, தன் கூடப்பிறந்தவற்றைக் கூப்பிட்டு ஒரு சத்தம் போட்டது. எனக்கு அது எங்களைத் திட்டியது போலவும் கேட்டது.

பெரியப்பா ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் துப்பினார். அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஆடுது. நல்லா ஆடுது.”